பாக்கியம் அக்காவின் கட்டைவிரல்

பாலக்காட்டில் எங்கள் துணிக்கடையில் ஒரு அம்மாளுக்கு ஜன்னல் திரைத் துணி அளந்துகொண்டிருந்தேன். வண்டிப்பெரியாரிலிருந்து பாக்கியம் அக்காவின் மகள் போன் செய்தாள். "அம்மா போயிட்டாங்கக்கா. மத்தியானம் சோறு தின்னுட்டு செத்த நேரம் சாயுறேன்னாங்க. எந்திரிக்கவே இல்ல." நான் "சரிம்மா" என்றேன். பைத்தியக்காரி மாதிரி அந்த ஒரு வார்த்தைதான் வந்தது. பிறகு துணியை அளந்தேன். எத்தனை மீட்டர் என்று மறந்துபோய் மறுபடியும் அளந்தேன். வாங்க வந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வரேனுங்க" என்று எழுந்து போனார். தெருவில் பஸ் சத்தமும் வெயிலும் எங்கேயோ வேறு ஊரில் இருப்பதுபோல் இருந்தன.

நம் நாடகக் குழுவில் பாக்கியம் அக்காவைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் பார்வையாளர்களில் ஒருவர்கூட அவரைப் பார்த்ததில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நம்மிடம் வந்து திரை இழுத்தார். "வசனம் பேசுறவுகல்லாம் பேசி முடிங்க. கடைசி வசனம் என்னுது" என்று கயிற்றைத் தட்டிக் காட்டுவார். அந்தத் திமிர் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நான் அரங்கின் பின்பக்கம் நாடகப் பிரதியோடு உட்கார்ந்து சைகை கொடுப்பவள். ஏதோ மூடிப்போன அரங்கிலிருந்து நாம் வாங்கி வந்த பழைய இண்டர்காம் பெட்டிகள் உங்களுக்கு நினைவிருக்கும். என் பெட்டியில் பொத்தானை அமுக்கினால் எல்லாப் பெட்டிகளிலும் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் தயாராக இருக்க வேண்டும், அணைந்தால் இழுக்க வேண்டும். பேசிக்கொள்ள ஹெட்செட்டும் உண்டு. அக்கா அதை மாட்டவே மாட்டார். "காதுக்குள்ள உன் கொரல் வந்துச்சுன்னா, மேடையில அந்தப் பொம்பள பேசுறது எனக்கு எப்படிக் கேக்கும்? நீ செவனேன்னு வெளக்க மட்டும் போடு புள்ள."

ஒவ்வொரு ஆட்டத்தையும் அவர் முதல் தடவை பார்ப்பவர் போலத்தான் பார்த்தார். ஏலப்பாறை கிளப் மண்டபத்தில் ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்து மேடை ஓரத்தில் நிற்கும். அதற்குள் அக்கா கம்பளிச் சால்வையோடு நின்றுகொண்டு, வாயைப் பிளந்து, கண் சிமிட்டாமல் பார்ப்பார். கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். அவர் நின்றபடியே கனவு காண்கிறார் என்று நாம் கேலி செய்தோம். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை.

பெட்டிகளின் பல்புகள்தான் யூசுப் அண்ணனுக்குப் பெரிய தலைவலி. பாலக்காட்டில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் நம் ஒலிக்காரர் அவர். மலையேறும் ஜீப்பின் குலுக்கலில் பல்பின் இழை அறுந்துவிடும். அந்தச் சின்ன அளவில் பல்பு இப்போது எங்கேயும் கிடைப்பதும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எல்லாப் பெட்டிகளையும் பிரித்துப்போட்டு, பல்புகளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு ரெசிஸ்டரோடு எல்.இ.டி. வைத்துப் பற்றவைத்தார். "இனி ஜீப்பு உருண்டே போனாலும் இது அணையாதுங்க" என்றார். பளிச்சென்று எரிந்தன. நாம் கை தட்டினோம்.

அதற்கடுத்த ஆட்டம் பாலக்காட்டில் நடந்தது. பஸ் நிலையத்தில் மகளுக்காகக் காத்திருக்கும் தாயின் நாடகம். கடைசியில் தாய் மூட்டையைப் பிரித்து, மகளின் சின்ன வயதுக் கவுனை மடியில் விரித்து, தலையை நிமிர்த்தி ஓரமாகப் பார்ப்பாள். திரை விழ வேண்டும். நான் பொத்தானை அமுக்கினேன், கையை எடுத்தேன். திரை அசையவில்லை. மறுபடி அமுக்கினேன். தாயாக நடித்த சாந்தி கவுனை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள். பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அரங்கம் முழுக்கப் பரவியது. நம் இயக்குநர் கந்தசாமி அண்ணன் ஓடிப்போய்க் கயிற்றை இழுத்தபோது, அக்கா பெட்டியில் கை வைத்தபடி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒப்பனை அறையில் சாந்தி தேம்பித் தேம்பி அழுதாள். அக்கா நேராக என்னிடம் வந்தார்.

"நீ அமுக்கவே இல்ல."

"அமுக்கினேங்க்கா. அல்லாமேல சத்தியமா."

"அப்ப நா பொய் சொல்லுறேனா?"

யூசுப் அண்ணனின் பெட்டியில் விளக்கு எரிந்திருந்தது. அக்காவின் பெட்டியைச் சோதித்தபோது அதிலும் நன்றாகவே எரிந்தது. அப்புறம் என்ன சொல்ல? "அந்தம்மா தூங்கிட்டாங்க. வயசாச்சுங்க. ஏலப்பாறையில வேற ஆளு இழுக்கட்டும், அப்புறம் மோட்டார் வெச்சுக்கலாம்" என்றார் கந்தசாமி அண்ணன். அக்கா சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு, "நா தூங்கல. அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். பழியைத் தன்மேல் தள்ளிவிட்டேன் என்று அவருக்கு என்மேல் கோபம். தெரிந்தே பொய் சொல்கிறாரே என்று எனக்கும் கோபம். போன் செய்தேன், எடுக்கவில்லை. போங்கள் என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் ஒரு வாய்ச் சோறுகூட ருசியாக இறங்கவில்லை.

ஏலப்பாறை ஆட்டத்தன்று, சாயங்காலக் காட்சிக்கு முன் பெட்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தோம். குடையைத் தரையில் தட்டிக்கொண்டு அக்கா உள்ளே வந்தார். என்னைப் பார்க்காத மாதிரி நடந்து போனார். "கயித்த ஒருக்கா பாத்துட்டுப் போறேன்" என்று யூசுப் அண்ணனிடம் மட்டும் சொல்லிவிட்டு, தன் பழைய மூலையில் போய் நின்றார். பெட்டியின் விளக்கை மூடினாற்போலக் கட்டைவிரலை வைத்தார். பார்வை மட்டும் வெறும் மேடையில் இருந்தது. நான் பொத்தானை அமுக்கிப் பிடித்தேன். அவர் அசையவில்லை.

"எரியுதுங்கம்மா" என்றார் யூசுப் அண்ணன்.

அக்கா திடுக்கிட்டு விரலை எடுத்துப் பார்த்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மறுபடி விரலை வைத்து, வெகு நேரம் வைத்திருந்தார்.

"ஏ யூசுப்பு, இதென்ன, சுடவே மாட்டேங்குது?"

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. சிவப்பு வெளிச்சம் முன்வரிசைக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று அக்கா ஆரம்பத்தில் விரலால் மறைத்திருக்கிறார். பல்பு எரிந்தால் விரலில் சூடு ஏறும். ஏறியதும் தயாராவார், விளக்கு அணைந்து சூடு ஆறியதும் இழுப்பார். அவர் கண்ணை மேடையிலிருந்து எடுக்க வேண்டியதே இல்லை. எத்தனையோ ஆட்டங்களை இப்படித்தான் முழுசாகப் பார்த்திருக்கிறார். எல்.இ.டி.க்குச் சூடு இல்லை. அதனால் பாலக்காட்டில் அவருக்கு விளக்கே எரியவில்லை.

"பல்பு சுடுறது அதோட குறைன்னு நெனச்சேனுங்க. நீங்க அத வேலைக்கு வெச்சிருக்கீங்களே! ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?" என்றார் அண்ணன்.

"யாரு கேட்டா?" என்றார் அக்கா. பிறகு அரங்கின் மறுகோடியிலிருந்த என்னைப் பார்த்து உரக்கச் சொன்னார். "ஏ புள்ள! நீ அமுக்கித்தான் இருக்க!"

மன்னிப்பு என்றால் அவ்வளவுதான். நான் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டேன். "பின்னே, உங்கள மாதிரி தூங்குவேனா?" என்றதற்கு என் கன்னத்தைக் கிள்ளினார். நன்றாகவே வலித்தது.

அண்ணன் அங்கேயே பற்றவைக்கும் சூட்டுக்கோலை எடுத்து, அக்காவின் பெட்டியில் மட்டும் இன்னொரு பெரிய ரெசிஸ்டரை விளக்கின் உலோக வளையத்தை ஒட்டி வைத்தார். வெளிச்சத்துக்கு எல்.இ.டி., சூட்டுக்கு ரெசிஸ்டர். முதலில் வைத்தது அவர் விரலையே பொசுக்கி, "யா அல்லா!" என்று துள்ள வைத்தது. வேறொன்று மாற்றினார். அக்கா தொட்டுப் பார்த்து, "ம், இப்பத்தான் உசுரு வந்திருக்கு" என்றார். கந்தசாமி அண்ணன் கயிற்றை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தார். மோட்டார் பேச்சு அதோடு நின்றது.

அக்கா போன பிறகு, அதே நாடகத்தை அதே மண்டபத்தில் போன வாரம் போட்டோம். கயிற்றுக்கு யார் என்ற பேச்சு வந்தபோது நான் நிற்கிறேன் என்றேன். பிரதியையும் பொத்தானையும் யூசுப் அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போய் நின்றேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த நாடகத்தின் கடைசிக் காட்சியை நான் அதுவரை முழுசாகப் பார்த்ததே இல்லை. என் கண் எப்போதும் தாளில் இருக்கும், அடுத்த வரியில் இருக்கும். பக்கத்தில் நின்று பார்த்தபோது சாந்தியின் விரல்கள் அந்தக் கவுனின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிடுவது தெரிந்தது. யாரோ உள்ளே இருப்பதுபோல், கழுத்து இறுக்காதபடி, மெல்ல. பனிமூட்டம் என் காலடிவரை வந்திருந்தது. விரலில் சூடு ஏறியது.

விளக்கைப் பார்க்காமல் சாந்தியைப் பார்த்தேன். அவள் தலையை நிமிர்த்தி ஓரமாகப் பார்த்தாள். மகள் வரும் சாலையை அவள் பார்ப்பதாகத்தான் நாம் எல்லாரும் நினைத்திருந்தோம். அவள் பார்த்தது அக்கா நிற்கும் இடத்தை. ஒவ்வொரு ஆட்டத்திலும் அங்கே ஒரு முகம் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டுதான் அவள் நாடகத்தை முடித்திருக்கிறாள். அன்று அங்கே என் முகம் இருந்தது.

இனிமேல் நான் அங்கேதான் நிற்கப்போகிறேன். பாக்கியம் அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த இடத்தை. சாந்தி தேடும்போது ஒரு முகம் வேண்டுமே. அன்று விரலின் சூடு ஆறிவிட்டது எனக்குத் தெரிந்தது. கயிறு கையில் இருந்தது. அவள் பார்த்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.