எரிபொருள் கொடுக்காதே

1. தொண்ணூறாம் வருஷம் ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. அங்கே ஏ.சி. மெக்கானிக்காக இருந்த என் அண்ணனிடமிருந்து கடிதம் வருவது நின்றது.
2. புரட்டாசியில் அவன் ஜோர்டான் வழியாக, அரசாங்கம் அனுப்பிய விமானத்தில் வந்து சேர்ந்தான். கையில் ஒரே ஒரு பை.
3. தை மாதம் அமெரிக்கா போரில் இறங்கியது. அதன் ராணுவ விமானங்கள் நம் நாட்டில் எரிபொருள் நிரப்பிக்கொண்டன. மீனம்பாக்கத்திலும்தான்.
4. அப்பாவின் விவசாயத் தொழிலாளர் சங்கம் அதை எதிர்த்தது.
5. ஆர்ப்பாட்டத் தட்டிகளை நான் எழுதினேன்.

ஐந்தாவதை மட்டும் விளக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் திருப்பனந்தாளுக்குப் பக்கம். அப்பா கூலிக்கு அறுப்புக்குப் போனவர். சங்கத்தில் சேர்ந்த பிறகுதான் நிலக்காரர் எதிரே நிமிர்ந்து நின்றதாகச் சொல்வார். என்னைத் தஞ்சாவூர் பாலிடெக்னிக்கில் படிக்கவைத்தது அண்ணனின் குவைத் சம்பளம். சிவில் டிப்ளமோ முடித்து, வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். அண்ணனும் இருந்தான். ஒரே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து, அப்பாவும் அவனும் வேறு வேறு செய்திகளுக்காகக் காத்திருந்தார்கள்.

"சண்டை சீக்கிரம் முடியட்டும்ப்பா. முடிஞ்சாதானே கம்பெனி தொறப்பான். பிளேன் வரட்டும், எண்ணெய ஊத்திக்கிட்டுப் போகட்டும்."

"அவன் குண்டு போடுறது கூலிக்காரன் தலையிலடா."

"நானும் கூலிக்காரந்தான்ப்பா."

வாசலில் நின்ற சங்கத்துக்காரர் ஒருவர் சிரித்தார். "என்ன குவைத் மாப்ளே, அமெரிக்காக்காரன் ஒனக்குச் சம்பந்தியா?"

அண்ணன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

மறுநாள் அப்பா ஆறு தட்டிகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "நீதான் அச்சடிச்ச மாதிரி எழுதுவியே. எழுதிக் குடு பாப்பா." படிப்பு முடிந்த பிறகு என்னிடம் யாராவது கேட்ட முதல் வேலை அது. டிராயிங் வகுப்பில் பழகியபடி மேலும் கீழும் பென்சில் கோடு போட்டு, எல்லா எழுத்தையும் ஒரே சாய்வில் நிறுத்தி, சிவப்புப் பெயின்டால் எழுதினேன்: 'போர் விமானத்துக்கு எரிபொருள் கொடுக்காதே'. அண்ணன் அன்று ஏஜென்டைப் பார்க்கக் கும்பகோணம் போயிருந்தான். அவன் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் எழுதினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவன் திரும்பி வந்த பஸ்ஸைத் திருப்பனந்தாள் கடைத்தெருவில் ஆர்ப்பாட்டக்காரர்கள் மறித்திருந்தார்கள். ஜன்னலுக்கு நேராக என் தட்டி.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே கேட்டான்: "எழுத்து உன்னுதுதானே?"

"ஆமாண்ணே."

"சரி."

அவ்வளவுதான். அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது என் பக்கத்தில் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு போய் அடுப்படியில் உட்கார்ந்தான்.

சில நாளில் எரிபொருள் கொடுப்பது நின்றது. தில்லியில் அப்போது இருந்த அரசை வெளியிலிருந்து தாங்கிக்கொண்டிருந்த பெரிய கட்சியும் எதிர்த்ததுதான் காரணம். எங்கள் ஆறு தட்டிகளுக்கு அதில் பங்கு இருந்ததாக நான் நினைக்கவில்லை. அப்பா நினைத்தார், எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். எரிபொருள் இல்லாமலும் போர் முடிந்தது. அரசும் போய்விட்டது. தேர்தலில் வந்த புது அரசு வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கதவைத் திறந்தது. சங்கம் அதையும் எதிர்த்தது. இந்த முறை அப்பா தட்டிகளை என்னிடம் கொண்டுவரவில்லை, கடைத்தெரு பெயின்டரிடம் கொடுத்தார்.

அண்ணன் குவைத்துக்குத் திரும்பிப் போனான். புறப்பட்ட அன்று அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். நான் பஸ் நிறுத்தம் வரை பின்னாலேயே நடந்தேன். அவன் பையை நான் வாங்கிக்கொள்ள விடவில்லை.

இப்போது நான் சென்னையில் ஒரு வரைபட அலுவலகத்தில் இருக்கிறேன். கொரியாக்காரர்கள் கட்டும் தொழிற்சாலைக்குத் தூண் வரைகிறேன். பெண்கள் விடுதியில் தனி அறை. அண்ணனுக்கு இதுவரை ஒன்பது கடிதங்கள் எழுதியிருக்கிறேன். எதுவும் திரும்பி வரவில்லை, பதிலும் வரவில்லை. அப்பாவுக்கு அவன் எழுதுகிறான். அம்மாவிடம் போனில் பேசுகிறான். என்னிடம் பேசுவதில்லை.