செங்கலில் வாசித்த மறுப்புரை

நாகர்கோவிலில் திருவனந்தபுரம் பஸ் ஏறியபோது காலை ஏழரை மணி. உதியன்குளங்கரைக்கு ஒன்பது ரூபாய் டிக்கெட். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாதச் சனிக்கிழமை அது. கைப்பையில் நான் தட்டச்சு செய்த மறுப்புரை இருந்தது. அதை வாசிக்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். வாசிக்காமல் தப்ப வழியுண்டா என்றும் வழியெல்லாம் யோசித்தேன்.

திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் நான் தத்துவம் நடத்துகிறேன். அமெரிக்கத் தத்துவத்தைப் படிக்கிறவர்களுக்காக எங்கள் பக்கத்தில் ஒரு சிறிய சங்கம் இருந்தது. "அமெரிக்காவில் டாலர் உண்டு, தத்துவமுமா உண்டு?" என்று சக ஆசிரியர்கள் கேலி செய்வார்கள். ஒரு கருத்து வாழ்க்கையில் எதை மாற்றுகிறது என்று பார் என்பார்கள் அந்தத் தத்துவவாதிகள். நாலு பேர் சேர்ந்து கேள்வி கேட்டால்தான் உண்மைக்குப் பக்கத்திலாவது போக முடியும். அந்தத் தத்துவத்தில் எங்களை இழுத்தது இதுதான். ஆண்டுக்கு ஒருமுறை கூடுவோம். ஒருவர் கட்டுரை எழுதி முன்கூட்டியே தபாலில் அனுப்புவார், இன்னொருவர் மறுப்புரை எழுதுவார். மறுத்துப் பேசாமல் யாரும் பாராட்டக்கூடாது என்பது எங்கள் விதி.

அந்த விதியைக் கொண்டுவந்தவர் செயலாளர் கிறிஸ்துதாஸ். பொழியூர்க் கடற்கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து கல்லூரிப் பேராசிரியரானவர். அந்த ஆண்டுக் கட்டுரை அவருடையது. ஒருவன் வாயால் சொல்வது அவனுடைய நம்பிக்கை ஆகாது, எதன்படி நடக்கத் தயாராக இருக்கிறானோ அதுவே நம்பிக்கை என்று எழுதியிருந்தார். வானத்தின் நிறத்தைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கட்டுமரத்தைக் கரையேற்றிய தன் அப்பாவை உதாரணம் காட்டியிருந்தார்.

நான் டிசம்பரிலேயே மறுப்பை எழுதி அனுப்பிவிட்டேன். "கைகால் அசையாத, பேச்சும் இல்லாத ஒரு மனிதனை எடுத்துக்கொள்வோம். அவனால் எதன்படியும் நடக்க முடியாது. அவனுக்கு நம்பிக்கையே இல்லையா?" என்று அதில் கேட்டிருந்தேன். ஜனவரியில் கிறிஸ்துதாஸுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அவரால் வர முடியாதென்பதால் கூட்டத்தை அவர் வீட்டிலேயே வைத்துக்கொள்ள சங்கம் முடிவு செய்தது.

களியக்காவிளையில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. இஞ்சிவிளை தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மலையாளமாக மாறிவிட்டது. பஸ்ஸுக்குள் பேச்சு மட்டும் மாறவில்லை. எனக்கு முன்னால் இருந்த இரண்டு பெண்கள் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பலாப்பழ விலை பேசிக்கொண்டே வந்தார்கள்.

உதியன்குளங்கரையில் இறங்கி, செங்கல் என்ற ஊருக்கு ஆட்டோ பிடித்தேன்.

"செங்கல் அம்பலத்துக்கா?" என்றார் ஓட்டுநர்.

"கோயிலுக்கு இல்லை, கிறிஸ்துதாஸ் சார் வீட்டுக்கு."

"புரொபசர் சாரா? முன்ன எனக்க வண்டில ஏறினா வாடகைக்கு அரை மணிக்கூர் தர்க்கம் பண்ணுவாரு. இப்ப எது கேட்டாலும் 'சரி'ன்னு ஒரே வார்த்தைதான். பாவம்."

ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் சாலை. ஓடு வேய்ந்த வீட்டு வாசலில் அவர் மனைவி ரெஜினா அக்கா நின்றிருந்தார். நெய்யாற்றின்கரை தாலுக்கா ஆபீசில் வேலை பார்ப்பவர். அன்றைக்கு லீவு போட்டிருந்தார்.

கிறிஸ்துதாஸ் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். அடையாளம் தெரியாத அளவுக்கு மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் இடது கையை நீட்டி, "சரி" என்றார். "நல்லா இருக்கீங்களா சார்?" என்றேன். "சரி." தண்ணீர் கேட்கிற சாக்கில் அடுக்களைக்குப் போனேன்.

அங்கே மரச்சீனிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. சாளை மீன் கறி கொதிக்கிற மணம். மறுப்புரையில் கைகால் அசையாத மனிதன் வரும் பகுதியை அடித்துவிடப் போகிறேன் என்று ரெஜினா அக்காவிடம் சொன்னேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "அதை எதுக்கு அடிக்கணும்?"

"எப்படி அக்கா அவர் முகத்துக்கு நேரே வாசிப்பேன்?"

"நீங்க அனுப்பினதை நான் அவருக்கு எத்தனையோ தடவை வாசிச்சுக் குடுத்தாச்சு டீச்சரே. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துல நிமிந்து உக்காருவாரு." முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஜனவரியில இருந்து வாறவங்க எல்லாம் அவரு தோளைத் தட்டிட்டுப் போறாங்க. ஒரு ஆளுகூட அவருக்கிட்ட மல்லுக்கு நிக்கல. அவரு அந்த உடம்புக்கு உள்ளே இருக்காரு ஆக்கும். நீங்க வாசிங்க."

பதினோரு மணிக்குள் ஒன்பது பேர் சேர்ந்துவிட்டோம். தலைவர் பரமேஸ்வரன் பாலராமபுரத்து வக்கீல். நேரியது என்னும் கைத்தறி மேலாடை ஒன்றைக் கொண்டுவந்து கிறிஸ்துதாஸின் தோளில் போர்த்தி, இன்று விவாதம் வேண்டாம், ஆளுக்கு இரண்டு வார்த்தை பாராட்டிப் பேசினால் போதும் என்றார். "சரி" என்றார் கிறிஸ்துதாஸ்.

"பாருங்க, அவரே சம்மதிச்சுட்டாரு" என்றார் வக்கீல்.

"அது சம்மதம் இல்ல சார்" என்றார் ரெஜினா அக்கா, கதவருகில் இருந்து. "இந்த சரிக்கு வேண்டாம்னு அர்த்தம். மூக்கு விடைச்சிருக்குல்லா, பாருங்க."

எல்லோரும் பார்த்தோம். விடைத்துத்தான் இருந்தது. இடது கையால் நேரியதை உருவி மடியில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார் அவர்.

நான் வாசித்தேன். கைகால் அசையாத, பேச்சில்லாத மனிதனிடம் வந்தபோதும் ஒரு சொல்லும் விடவில்லை. வக்கீல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி! சரி! சரி!" என்றார் கிறிஸ்துதாஸ். கோபம்தான், ஆனால் கண்ணில் அத்தனை வெளிச்சம். தன் கட்டுரையை வாங்கி மடியில் விரித்து, ரெஜினா அக்கா வந்து பக்கங்களைப் புரட்டப் புரட்ட, ஓர் இடத்தில் விரலை ஊன்றினார். நான் குனிந்து பார்த்தேன். 'தயாராக' என்ற சொல்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நடப்பதுதான் நம்பிக்கை என்று அவர் எழுதவில்லை. நடக்கத் தயாராக இருப்பது என்றுதான் எழுதியிருந்தார். அந்த ஒரு சொல்லை நான் தாண்டிப் போயிருந்தேன். உடம்பு கட்டப்பட்டிருந்தாலும் தயாராக இருப்பதை யாரும் கட்ட முடியாது.

விட்டுக்கொடுக்க எனக்கும் மனமில்லை. "அப்படியானால் சார், ஒருவன் தயாராக இருக்கிறான் என்பது மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

அவர் மெல்லத் தலையைத் திருப்பி, பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தார். "சரி" என்றார், மிகவும் தணிந்து.

ரெஜினா அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியும்னு சொல்லுகாரு."

"ஒரு ஆளுக்குத் தெரிஞ்சா போதுமா?" என்று வக்கீல் தன்னை மறந்து கேட்டுவிட்டார். அவ்வளவுதான், விவாதம் பற்றிக்கொண்டது. மரச்சீனி ஆறும்வரை ஓயவில்லை. கிறிஸ்துதாஸ் எத்தனையோ விதமாகச் 'சரி' சொன்னார். போகப்போக ரெஜினா அக்கா விளக்காமலேயே எங்களுக்கும் பாதி புரிந்தது. களைத்துத் தூங்கிப்போகும்வரை அவர் யாரையும் விடவில்லை. கடைசியில், அடுத்த ஆண்டும் அவரே செயலாளர் என்று வக்கீல் முன்மொழிந்தார். அதை மட்டும் யாரும் மறுக்கவில்லை.

மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. குழித்துறைப் பாலத்தில் மழை பிடித்தது. பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கினார்கள். எனக்கு வீட்டு நினைவு வந்தது. அம்மா இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. அப்பா மனம் நோகக்கூடாதென்று நானும் தம்பியும் அவர் எது சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்தோம். வரவர அவர் எதுவும் சொல்வதையே குறைத்துவிட்டார். துக்கம் என்று நாங்கள் நினைத்தோம்.

மறுநாள் காலை காபி குடிக்கும்போது, முற்றத்து முருங்கையை வெட்டிவிடலாம் என்றார் அப்பா, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வெட்டக்கூடாது" என்றேன்.

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஏன் கூடாது? சொல்லு பார்ப்போம்" என்றார்.