சூட்டுப் பெட்டிக்கு நல்ல நாள்

வீடு சூடாக்கும் பெட்டி பூட்டுகிற தொழிலில் சுவரைத் துளைக்கிற வேலை கெதியாய் முடிந்துவிடும், வீட்டுக்காரரின் மனதைத் துளைக்கத்தான் மாதக்கணக்காகும். தை மாதத்துக் கரண்ட் பில்லை உடைத்துப் பார்த்துவிட்டு, போட்ட ஜக்கெட்டைக் கழற்றாமலே சோபாவில் குந்தியிருந்த ஒஸ்லோக்காரர் எல்லாருக்கும் நான் என்ன சொல்கிறேன் என்று விளங்கும். இரண்டாயிரத்துக்குப் பிறகு அப்படி ஒரு மாரி, கொடுங்குளிர் காலம், வந்தது. கரண்ட் எடுக்கிற அணைக்கட்டுகளில் தண்ணி இல்லை என்றார்கள், கரண்ட் விலை ஏறிக்கொண்டே போனது. அதற்குப் பிறகுதான் வெப்பப் பம்பி என்ற சாமானும், அதைப் பூட்டுகிறவர்களுக்கு அரசாங்கம் ஒரு பங்கு காசு தரும் என்ற கதையும் எங்கள் சனத்திடம் வந்து சேர்ந்தன. சனம் அதற்குச் சூட்டுப் பெட்டி என்று பேர் வைத்துவிட்டது. நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆர்னெ என்ற நோர்வேக்காரரோடு வான் வண்டியில் வேலைக்குப் போவேன். குழாயும் காஸும் கரண்டும் அவர் பாடு. தூக்குவதும், துளைப்பதும், தமிழ் வீடுகளில் கதைப்பதும் என் பாடு.

வீட்டுக்குள் வரக்கூடாத சொல்

ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு வரிசை வீடு. மகேசன் பஸ் ஓட்டுகிறவன். மனைவி கமலா நிலக்கீழ் அறையில் மெசின் வைத்துச் சட்டை தைக்கிறவள். அறை நிறையக் கல்யாண வீட்டுத் துணி. ஆனால் கார்த்திகை பிறந்தால் அங்கே மூச்சு விடப் புகை வரும். கரண்ட் அடுப்பைப் போட்டால் தைக்கிற காசு முழுக்க அதற்கே போகும். அதனால் மாரி முழுக்க அறையைப் பூட்டி வைப்பாள். அளவு எடுக்க வருகிற பெண்கள் வேறு ஆளைத் தேடிப் போவார்கள். "இந்த மாரியும் பூட்டினால் பிறகு திறக்கத் தேவையில்லை அண்ணை," என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

மகேசனுக்கு வேறு சந்தேகம். "மாரியிலை வெளியிலை மைனஸ் பத்து. அதுக்குள்ளை எங்கையண்ணை சூடு கிடக்கு, இழுத்தெடுக்க?"

"பிரிஜ்ஜுக்குப் பின்னாலை கை வைச்சுப் பார் தம்பி. உள்ளுக்கு இருக்கிற சூட்டை இழுத்துப் பின்பக்கத்தாலை விடுது. இதுவும் அதே வேலைதான். ஆனால் வெளியிலை இருந்து இழுத்து உள்ளுக்கு விடும்."

அவன் உண்மையாகவே எழும்பிப் போய், முதுகைப் பிடித்துக்கொண்டு பிரிஜ்ஜை முன்னுக்கு இழுத்துப் பின்னால் கை வைத்தான். "ஓமப்பா, சுடுது!" என்றான். "கலியாணம் கட்டின காலத்துக்கு இண்டைக்குத்தான் இவர் குசினிக்குள்ளை ஒரு சாமானை அசைச்சிருக்கிறார்," என்றாள் கமலா.

எல்லாம் நல்லாய்த்தான் போனது. விலையைச் சொன்னேன். அதோடு நிற்காமல், "இதுக்கு ஸ்தொத்தெ எடுக்கலாம்," என்றும் சொல்லிவிட்டேன். அதுதான் நோர்வேஜியச் சொல். அரசாங்கம் பெட்டிக்குக் கொடுப்பதும் ஸ்தொத்தெ, வேலை இல்லாதவருக்கு சோசியல் கந்தோரில் கொடுப்பதும் ஸ்தொத்தெ. மகேசனின் முகம் சுவர் மாதிரி ஆனது. வந்த புதிதில், குளிருக்கு ஒரு ஜக்கெட் வாங்க அந்தக் கந்தோரில் போய் நின்றிருக்கிறான். பெயரை உரத்துக் கூப்பிட, நிறைந்திருந்த சனம் திரும்பிப் பார்த்திருக்கிறது. அன்றைக்கே சத்தியம் பண்ணினானாம், இனி ஒருநாளும் அதைக் கேட்பதில்லையென்று. இது வேறு, டொக்டரும் எஞ்சினியரும் எடுக்கிறது என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவன் சொன்னது இதுதான்:

"அந்தச் சொல்லு இந்த வீட்டுக்குள்ளை வரக்கூடாது அண்ணை. சூடு மெல்ல ஆறுதலா வரட்டும்."

பேசினவர்

ஒரு சொல் ஒரு மனிதனை இப்படிப் பிடிக்குமா என்று யோசித்துக்கொண்டே அடுத்த நாள் ட்வெய்ட்டாப் பக்கம் போனேன். வீட்டுக்காரர் தமிழ்நாட்டுப் பிள்ளை, கார்த்திக், கம்ப்யூட்டர் வேலை. அவருக்குப் பெட்டி எப்படி வேலை செய்யும் என்று விளங்கப்படுத்தத் தேவை இருக்கவில்லை. "சென்னையில இதே பெட்டியத்தான் ஏசின்னு மாட்டியிருந்தோம்ணா," என்று சிரித்தார். ஆர்னெ அவரிடம் சொல்லச் சொன்னது ஒன்றுதான்: முதலில் விண்ணப்பம், பிறகு அரசாங்கத்தின் பதில், அதற்குப் பிறகுதான் வேலை. பதில் வருமுன் சுவரில் ஒரு துளை போட்டாலும் ஒரு சதமும் கிடையாது.

"அதெல்லாம் தெரியும்ணா. நேத்தே அந்த ஆபீஸுக்குப் போன் பண்ணி நல்லா பேசிட்டேன்," என்றார்.

நான் அளவு நாடாவை அப்படியே சுருட்டி வைத்தேன். எங்கள் பக்கத்தில் பேசினார் என்றால் ஏசினார் என்று அர்த்தம். அரசாங்கக் கந்தோருக்குப் போன் எடுத்து நல்லாய் ஏசிப்போட்டு இந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டு நிற்கிறதே!

"தம்பி, அவையளைப் பேசலாமோ? நாளைக்குக் காசு தரவேண்டியவையெல்லே?"

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

"பேசாம எப்படிண்ணா காசு கிடைக்கும்?"

பத்தாம் மாடியில் இருந்து ஒரு விசாரணை

காசு கிடைக்கும் என்ற கதை கோயில், கடை, கல்யாண வீடு எல்லாம் சுற்றி அம்மருட்டுக்கும் போய்விட்டது. அங்கே உயரமான மாடிக் கட்டடம் ஒன்றில் இருக்கிற நல்லையா அண்ணர் என்னை உடனே வரச் சொன்னார். போனேன். வீட்டுக்குள் அவர் பெனியனோடு நிற்கிறார், ஜன்னல் திறந்து கிடக்கிறது. அந்தக் கட்டடத்தில் சூடு பொதுவில் வருகிறது, மாதா மாதம் எல்லாரும் கட்டுகிற காசுக்குள்ளேயே அதுவும் அடங்கும். வெளிச்சுவரில் பெட்டி வைக்கவும் விடமாட்டார்கள்.

இதை எல்லாம் சொல்லி, "உங்களுக்கு இது தேவையில்லை அண்ணை, மிச்சம் பிடிக்க ஒண்டும் இல்லை," என்றேன். தேத்தண்ணி தந்தார். பலகாரம் தந்தார். திரும்பவும் முதலில் இருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். என்னை வழியனுப்ப வந்து, கதவடியில் வைத்து ரகசியமாய்க் கேட்டார்:

"அப்ப சூடு வேண்டாம் தம்பி. அந்தக் காசை மட்டும் எடுக்க ஏதும் வழி இருக்கோ?"

தையல் அறையில் இருந்து ஒரு போன்

வேண்டாம் என்ற மகேசனையும், வேண்டும் என்ற நல்லையா அண்ணரையும் ஒரே ஊர் எப்படிப் பெற்றது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்த யோசனையில் இருக்கும்போதுதான் கமலா போன் எடுத்தாள். குரலைத் தாழ்த்திக் கதைத்தாள். பின்னால் மெசின் சத்தம் கேட்டது. யாரும் தைக்கவில்லை, தன் குரல் மேலே கேட்காதபடி சும்மா காலால் மிதித்துக்கொண்டிருந்தாளாம். விரல் நுனியை வெட்டின கையுறை போட்டுக்கொண்டுதான் தைக்கிறாள் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. விரல் விறைத்து, ஒரு மணப்பெண்ணின் சட்டைக்குக் கையைக் கோணலாய் வைத்து, திரும்பப் பிரித்துத் தைத்திருக்கிறாள்.

"அண்ணை, நான் விண்ணப்பம் அனுப்பிப்போட்டன். வீடு ரெண்டு பேரின்ரை பேரிலையும்தானே இருக்கு. வகுப்பிலை படிச்ச நோர்ஸ்க் பாஷையை இண்டைக்குத்தான் ஒரு பிரயோசனமாப் பாவிச்சனான்."

"மகேசனுக்குத் தெரியுமோ?"

மெசின் நின்றது. திரும்ப ஓடத் தொடங்கியது.

"ஸ்தொத்தெ கேக்கமாட்டனெண்டு சத்தியம் பண்ணினது அவரெல்லோ அண்ணை. நான் பண்ணேல்லையே."

சூலம், கரிநாள், துடக்கு

இதற்குள் மற்றப் பக்கத்தால் வந்தது வினை. எங்கள் வான் கடைத் தெருவில் நிற்க, மகேசன் ஓடிவந்து கண்ணாடியில் தட்டினான். "அண்ணை, அவள் கையுறையோடை தைக்கிறதைப் பாத்திட்டன். பெட்டியைப் பூட்டுவம். முழுக் காசும் நானே கட்டுறன். சனி ஞாயிறும் பஸ் ஓடுவன். புதன்கிழமை வாங்கோ."

சொல்லி முடித்துவிட்டு இடுப்பில் கைவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாய் நிமிர்ந்தான். அந்த முதுகோடு சனி ஞாயிறும் ஓடினால் பெட்டி சூடாகும், ஆள் படுத்துவிடுவான். ஓடாமல் விட வேண்டுமென்றால் அரசாங்கத்தின் பங்கு வரவேண்டும். அது வரவேண்டுமென்றால் பதில் வரும்வரை யாரும் அந்தச் சுவரைத் தொடக்கூடாது. அதை நான் அவனுக்குச் சொல்ல முடியாது, கமலாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். வாயில் வந்தது இதுதான்: "வீட்டுச் சுவரிலை ஓட்டை போடுறதெண்டால் நாள் பாக்கவேணுமெல்லோ? உன்ரை மனுசியைக் கேள்."

நாள் பார்க்கிறது கமலாவின் இலாகா என்று எனக்குத் தெரியும். அவளும் பிடித்துக்கொண்டாள். புதன்கிழமை வடக்குச் சூலம், பெட்டி வரப்போவது வடக்குச் சுவரில். திங்கட்கிழமை கரிநாள். அடுத்த வெள்ளிக்கிழமை அட்டமி. ஒவ்வொரு தடவையும் மகேசனே போன் எடுத்து, "இண்டைக்குச் சரிவராதாம் அண்ணை," என்பான். குரலில் ஒரு கோபமும் இராது. கடைசியில் ஒரு நாள், "கனடாவிலை என்ரை ஒண்டுவிட்ட தம்பிக்குப் பிள்ளை பிறந்திட்டுது. துடக்கு. இன்னும் ரெண்டு மூண்டு கிழமைக்குத் தீட்டு, நல்ல காரியம் ஒண்டும் செய்யேலாது," என்றான். பிள்ளையும் பார்த்துப் பிறந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆர்னெக்குத்தான் பொறுக்கவில்லை. வானில் பெட்டி கிடந்து இடத்தை அடைக்கிறது. என்ன நோய் இந்த வீட்டுக்கு என்று கேட்டார். எனக்குத் தெரிந்த நோர்வேஜியத்தில் கரிநாளை விளங்கப்படுத்தினேன். அந்த நாளில் நல்ல காரியம் தொடங்கினால் பிழையாய்ப் போகும் என்றேன். சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. வானை ஓரமாய் நிறுத்தினார். பிறகு கேட்டார்:

"போன செவ்வாய்க்கிழமை நான் ஏணியால் விழுந்தேனே, அன்றைக்கு உங்கள் கலண்டரில் என்ன போட்டிருக்கிறது என்று ஒருக்கால் பார்த்துச் சொல்லுவியா?"

வியாழக்கிழமை

முதல் பனி கொட்டின கிழமை கமலா போன் எடுத்தாள். இந்த முறை மெசின் சத்தம் இல்லை. "அண்ணை, வியாழக்கிழமை அந்தமாதிரி நல்ல நாள். விடியவே வாங்கோ."

"துடக்கு?"

"அது கழிஞ்சுது. பதிலும் வந்திட்டுது. ஓமெண்டு எழுதியிருக்கினம்," என்றாள்.

போனோம். மகேசன் லீவு போட்டு நின்றான். பூட்டி முடிந்ததும் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்தான், ஆர்னெயின் நெற்றியிலும் ஒன்று வைத்தான். பெட்டி முனகிக்கொண்டு மெல்லச் சூட்டை ஊதியது. கமலா கொஞ்ச நேரம் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பிறகு கையுறையைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு, எங்களுக்குத் தேத்தண்ணி தரவும் மறந்து, மெசினில் இருந்துவிட்டாள்.

மகேசன் என் ட்ரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வான்வரை வந்தான். எனக்கு மனம் கேட்கவில்லை. "சனி ஞாயிறு ஓட்டமோ இனி?" என்றேன்.

"இல்லையண்ணை. ஓடமாட்டனெண்டு வேலையிலை முந்தியே சொல்லிப்போட்டன். ஒருநாள் அவள் கீழை இருந்து போனிலை நோர்ஸ்க் கதைக்கிறாள். சட்டை தைக்க வாற ஆக்களோடை ஆர் நோர்ஸ்க்கிலை கதைக்கிறது? அண்டைக்கே விளங்கீட்டுது, எங்கை காசு கேட்டிருக்கிறாளெண்டு."

"அப்ப அந்தக் கரிநாள்?"

"அது கரிநாளுமில்லை, வெள்ளிக்கிழமை அட்டமியுமில்லை. கலண்டர் எனக்கும் வாசிக்கத் தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ வாயைத் திறக்காமல் இருந்தனீ?"

அவன் வீட்டுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தான். கீழ் ஜன்னலில் வெளிச்சம் எரிந்தது, மெசின் சத்தம் பனிக்குள்ளும் கேட்டது. ட்ரில் பெட்டியை வானுக்குள் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"அவளுக்குக் கூடாத நாளெல்லாம் முடிஞ்சு போச்சண்ணை, பாவம், பஞ்சாங்கத்தைப் பிரட்டிப் பிரட்டிப் பாத்துக்கொண்டு நிண்டவள். அதுதான் துடக்கெண்டு நான் எடுத்துவிட்டனான். கனடாவிலை இருக்கிறவனுக்கு இன்னும் கலியாணமே ஆகேல்லை."

இத்தனை வருசம் இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: அரசாங்கத்தின் காசை எடுக்க ஒரு ஆள் போதும், அதை வீட்டில் தெரியாத மாதிரி எடுக்கத்தான் புருசனும் பெண்சாதியுமாய் இரண்டு பேர் வேணும்.