சித்தப்பா சைக்கிளைத் தொலைத்த விதம்

என் சித்தப்பா எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டுகிறார். 'ஓட்டுகிறேன்' என்றுதான் அவரும் சொல்லிக்கொள்வார். முக்காலியில் உட்கார்ந்து, அடுத்தவர் சொல்லும் மாடிக்குப் பொத்தானை அழுத்துவதுதான் வேலை. இரும்பு மடிப்புக் கதவு வைத்த பழைய லிஃப்ட். ஆள் ஏறும்போது கதவைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் தானாக நகர்ந்து வந்து முழங்கையைப் பதம் பார்க்கும். கதவைப் பிடித்தபடி "உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று சொல்லிச் சொல்லியே அவருக்குத் தலை நரைத்துவிட்டது. ஆறாவது மாடியில் கணக்கு எழுதும் நான் இதைத் தினமும் பார்க்கிறேன்.

வீடும் விசாலம் என்று சொல்ல முடியாது. ஒரே அறையில் சித்தி, சித்தியின் தம்பி, தையல் மெஷின், டிவி. சித்தப்பா காலை நீட்டினால் யாராவது "கொஞ்சம் தள்ளுங்க" என்பார்கள்.

இரண்டுக்கும் நடுவில் அவருக்கென்று இருந்தது ஒரு சைக்கிள். தலை நரைத்த பிறகு வாங்கியது. "இந்த வயசுல சைக்கிளா!" என்று சித்தி தலையில் அடித்துக்கொண்டார். சித்தப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழைய மழைக்கோட்டை வெட்டி, சீட்டுக்கு மஞ்சள் உறை தைத்தார். வேலை முடிந்து ஒருநாளும் அவர் நேர்வழியில் வீட்டுக்குப் போனதில்லை. "எங்க போகணும்னு இதுல மட்டும்தாம்மா என்கிட்ட யாரும் சொல்றதில்ல" என்பார்.

அதைத் தொலைத்தது ஒரு மருந்துக் கடை வாசலில். சித்திக்குத் தலைவலி மாத்திரை வாங்கப் போனவர், ஒரு நிமிஷம்தானே என்று பூட்டாமல் சாய்த்துவைத்தார். கண்ணாடிக் கதவைத் திறந்தார். பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் வர, கதவைப் பிடித்துக்கொண்டார். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். மனுஷன் பிடித்தது பிடித்தபடி நின்றுவிட்டார்! உள்ளேயிருந்து வெளியே போன ஒருவன் "ரொம்ப தேங்க்ஸ்ண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனானாம். திரும்பிப் பார்த்தால் சைக்கிள் இல்லை.

"திருடனுக்கே கதவைத் திறந்துவிட்ட ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்று சித்தி விழுந்து விழுந்து சிரித்தார். "இனிமே சைக்கிள்னு வாயத் திறந்தீங்க, பாத்துக்குங்க" என்றும் சொன்னார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

சித்தியின் தம்பி ஒரு வேனை ஏற்பாடு செய்தான். வாசலில் ஏற்றி வாசலில் இறக்கும். "ராஜா மாதிரி போகலாம் மாமா." ராஜா நடு சீட்டில், இரண்டு குண்டு ஆட்களுக்கு இடையில், பையை மடியில் வைத்துக்கொண்டு போனார். வீடு, வேன், லிஃப்ட். லிஃப்ட், வேன், வீடு. "மூச்சு முட்டுதும்மா" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். சைக்கிள் பேச்சையும் அவரே எடுத்தார். "ஒருநாள் என் கண்ணுல படாமயா போயிடும்? அன்னைக்கு விடமாட்டேன், பாரு."

கண்ணில் பட்டது. சென்ற வாரம், மத்தியானம், அவரோடு லிஃப்ட்டில் கீழே வந்துகொண்டிருந்தேன். கம்பிக் கதவு வழியாகக் கட்டட வாசல் தெரிந்தது. தூணில் சாய்ந்து நின்றது அந்த மஞ்சள் சீட்டு.

"என் சைக்கிள்!" என்றார்.

லிஃப்ட் நின்றது. அவசரமாகக் கதவை இழுத்தார். வெளியே சாப்பாட்டு நேரம் முடிந்து ஒரு பெருங்கூட்டம். திறந்ததும் திறக்காததுமாக முண்டியடித்துக்கொண்டு ஏறினார்கள். நான் பின்சுவரோடு நசுங்கினேன். "சித்தப்பா, ஓடுங்க!" என்று கத்தினேன். தலைகளுக்கு இடையில் பார்த்தேன். எவனோ ஒருவன் சைக்கிளை நிமிர்த்தி, காலைத் தூக்கிப் போட்டு ஏறினான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு நான் வாசலுக்குப் போவதற்குள் அவன் பஸ்களுக்கு நடுவில் மறைந்துவிட்டான்.

திரும்பி வந்தேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கதவுக்குப் பக்கத்தில் நின்றவர் அவர்தானே! நாலு எட்டு வைத்திருந்தால் போதும்.

"கதவை விட்டுட்டு ஓட வேண்டியதுதானே சித்தப்பா?"

கதவைப் பிடித்திருந்த தன் கையை, யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"தோணவே இல்லம்மா" என்றார்.

உள்ளேயிருந்து யாரோ "எட்டு" என்றார்கள்.