பகவதியின் லேப்டாப்பில் இரண்டு கார்டுகள்

பகவதிக்கு நாற்பத்தேழு வயது. அதில் பத்தொன்பது வருஷம் காதில் ஹெட்செட்டோடு கழிந்துவிட்டது. மாதாப்பூரில் ஒரு கம்பெனி. லேப்டாப் வாங்கியவர்கள் நெட் வரவில்லை, திரை கறுத்துவிட்டது என்று போன் போட்டுத் திட்டுவார்கள். இவள் திட்டை வாங்கிக்கொண்டு வழி சொல்வாள். "நீங்கள் எதையாவது மாற்றினீர்களா?" என்று கேட்டால் ஒருவரும் ஒப்புக்கொண்டதில்லை. "கைக்கு மேடம், மை குச் நை கரா" என்பார்கள் அந்த ஊர் ஹிந்தியில். எதற்கு மேடம், நான் ஒன்றுமே செய்யவில்லையே! செய்தவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள்.

கூடப் பிறந்தவர்கள் கிடையாது. கல்யாணம் ஒன்று நிச்சயமாகி நின்றுபோயிற்று. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. தார்நாகா வீட்டில் அவளும் அப்பா அனந்தராமனும்தான். பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி ஆபீஸ் ஒன்றில் இருந்து ஓய்வுபெற்றுப் பதினாறு வருஷம் ஆன அந்த மனுஷர், இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் காலையில் இஸ்திரி போட்ட சட்டையும் டிபன் பாக்ஸுமாக வேலைக்குக் கிளம்பிவிட்டார். மூன்று மணி நேரம் தேடி, ஹப்ஸிகுடா பஸ் ஸ்டாப்பில் கண்டுபிடித்தார்கள். பார்த்துக்கொள்ள ஆள் வைத்தாள். வந்த இரண்டு பேரையும் திருடி என்று கத்தி விரட்டிவிட்டார். கடைசியில் மேலதிகாரி சுஷ்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கினாள். அந்த அனுமதியில்தான் இருவருடைய பிழைப்பும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆபீஸ் லேப்டாப்பின் உள்ளே இருந்த வைஃபை கார்டு நோஞ்சான். அதனால் வெளியே செருகிக்கொள்ள விரல் நீளத்தில் புதிதாக ஒன்று அனுப்பினார்கள். வந்தது வினை. ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்குமா? இதை அது விடாது, அதை இது விடாது, நடுவில் ஆபீஸ் லைன் அறுந்துபோகும். மருந்து ரொம்பச் சுலபம். பழைய கார்டை அணைத்துவிட்டுப் புதியதை மட்டும் ஓடவிட வேண்டும். ஆயிரம் பேருக்குச் சொன்னதைத் தனக்கும் செய்துகொண்டாள். ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது.

திங்கட்கிழமை பதினொரு மணி இடைவேளையில் துணி உலர்த்திவிட்டு வந்தால் லைன் செத்துக் கிடந்தது. புதிய கார்டு அணைந்திருந்தது. அணைத்து வைத்த பழையது விழித்துக்கொண்டிருந்தது. சரிசெய்து, ஆபீஸ் கணினிக்குள் மறுபடி நுழைய அனுமதி வாங்குவதற்குள் முக்கால் மணி போயிற்று. செவ்வாயும் அதே கதை. டிரைவரை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். செருகும் இடத்தை மாற்றினாள். தானாக நடக்கும் அப்டேட்டை நிறுத்தினாள். ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி. "பகவதி காரு, இன்னொரு தடவை விழுந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள் சுஷ்மா, தெலுங்கு மரியாதை விடாமல். புதன்கிழமையும் விழுந்தது.

மத்தியானம் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். லேப்டாப் தனக்குள் நடப்பதையெல்லாம் குறித்துவைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்பை வரிவரியாகப் படித்தாள். பதினொன்று நாலு: கார்டு அணைக்கப்பட்டது. மூன்று நாளும் ஏறக்குறைய அதே நேரம். இயந்திரம் தானாகச் செய்ததில்லை. ஒரு கை செய்தது. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் தொடுவதற்கு என்று திரையைத் திறந்தபடியே விட்டுப் போகிறவள் அவள்.

அப்பாவின் வேலை என்னவென்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அறை அறையாகப் போய்க் கம்ப்யூட்டர்களைச் சோதிப்பது. ஒரு மெஷினுக்கு ஒரு லைன்தான் என்பது அங்கே சட்டம். இரண்டு இருந்தால், வெளியிலிருந்து செருகியதை அந்த இடத்திலேயே அணைத்துவிட்டு மெமோ கொடுத்துவிடுவார். பெரிய பெரிய விஞ்ஞானிகளே அவரைக் கண்டால் எழுந்து நிற்பார்களாம்.

"அப்பா, என் லேப்டாப்பைத் தொட்டேளா?"

"ஆமா, நான்தான்" என்றார், பேப்பரை மடித்தபடி. "ஒரே மெஷின்ல ரெண்டு லைன். அதுல ஒண்ணு வெளிலேர்ந்து சொருகினது வேற. யார் கண்ணுலயாவது பட்டா உன் வேலை போயிடும். நான் கட் பண்ணிட்டேன். உன் பேர் எங்கயும் வராது, கவலைப்படாதே."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"சொல்லிட்டுப் பண்ணினா அதுக்குப் பேர் செக்கிங்கா?"

பகவதிக்குக் கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது? பெற்ற பெண்ணைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில் அவர் முகம் அப்படியே பூரித்திருந்தது. இப்படி ஒரு முகத்தை அவள் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது.

நாலு மணிக்கு சுஷ்மா கூப்பிட்டாள். அந்தக் குறிப்பை ஆபீஸிலும் படித்திருந்தார்கள். "யாரோ கையால அணைச்சிருக்காங்க. யார்?"

வெளி ஆள் கை பட்டது என்று தெரிந்தால் வேலையே போய்விடும். வாடிக்கையாளர் விவரமெல்லாம் உள்ள மெஷின். பகவதி "நான்தான்" என்றாள்.

"போன் எடுக்காம இருக்கறதுக்கா? நீங்களா, பகவதி காரு?"

"ம்."

பத்தொன்பது வருஷத்தில் ஒருநாள்கூட வேலைக்கு ஒளியாதவளுக்கு ஒரே சொல்லில் வேலைக்கள்ளி என்ற பெயர் வந்து சேர்ந்தது. திங்கட்கிழமை முதல் தினமும் மாதாப்பூருக்கு வர வேண்டும் என்று உத்தரவு வந்தது.

கீழ்வீட்டு பத்மப்ரியா மத்தியானம் ஒருமுறை வந்து சாப்பாடு போட்டுவிட்டுப் போவதாகச் சொன்னாள். மற்ற நேரத்துக்கு ஒரே வழிதான் இருந்தது. அதை நினைத்து ஞாயிறு முழுக்க அழுதாள். திங்கள் காலை எட்டு மணிக்கு, அப்பாவை உள்ளே வைத்து, வெளி கிரில் கதவைப் பூட்டினாள்.

அனந்தராமன் கம்பி வழியாகக் கையை விட்டுப் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

"நல்ல பூட்டு" என்றார். "ஒருத்தனும் உள்ள வர முடியாது. நீ தைரியமாப் போயிட்டு வா."