ஆற்று எண்ணில் ஓட்டிய கடல்நீர்

அஜ்மானில் நான் இருந்த அறையில் எதிர்க் கட்டில் பரமக்குடிப் பக்கத்து அண்ணன் ஒருவருடையது. இரும்பை அமிலத்தில் கழுவும் பட்டறை ஒன்றில் டேங்கர் ஓட்டினார். கழுவிய தண்ணீரைச் சுத்திகரிப்பு நிலையத்தில் கொண்டுபோய் இறக்குவது அவர் டியூட்டி. சட்டையெல்லாம் பொட்டுப் பொட்டாக ஓட்டை. ஒவ்வொரு நடைக்கும் நிலையத்தில் முத்திரை குத்தித் தரும் சீட்டைப் பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைப்பார். "பேரனுக்குச் சொத்தாண்ணே?" என்று கிண்டல் செய்வேன்.

நானோ தினமும் பஸ் பிடித்து துபாய் போய், அழுக்கு நீர் எப்படிப் பரவும் என்று கம்ப்யூட்டரில் மாடல் போடுகிறவன். அதில் எனக்கு மண்டைக்கனம் வேறு.

ஒரு கோடையில், கடல்நீர் ஏறி இறங்கும் கழி ஒன்றில் மீன்கள் செத்து மிதந்தன. தண்ணீரில் அமிலம். எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. அங்கே இரண்டு வடிகால்கள் வந்து சேர்கின்றன. மீன் செத்த இடத்துக்குப் பக்கத்தில் இருப்பது பழைய பேட்டரிகளை உடைக்கும் ஒரு யார்டின் பின்னால். தூரத்தில் இருப்பது அண்ணனின் பட்டறைக்குப் பின்னால். மாடல் தூரத்து வடிகாலைக் காட்டியது; பக்கத்திலிருந்து வந்திருந்தால் அமிலம் இன்னும் கடுமையாக இருந்திருக்கும் என்றது. மறுபடி ஓட்டினேன், அதையேதான் காட்டியது. எழுதிக் கொடுத்துவிட்டேன்.

டிரைவர்தான் நிலையம் வரை போகச் சோம்பல்பட்டு வடிகாலில் திறந்துவிட்டார் என்று பட்டறை கைகழுவிக்கொண்டது. அன்று சாயங்காலம் அண்ணன் டப்பாவைத் திறந்து, சீட்டுகளை என் கட்டிலில் பரப்பினார்.

"தம்பி, ஒரு நடை விடாம எல்லாம் இருக்கு, பாரு. மொதலாளி கஃபீல் கேக்க மாட்டேங்கிறான், கலாஸ், முடிஞ்சுபோச்சுங்கிறான். நீ சொன்னா கேப்பாய்ங்க. நான் ஊத்தலன்னு ஒரு வரி எழுதிக் குடுப்பா."

நான் சீட்டுகளைக் கையில்கூட எடுக்கவில்லை. "மாடல் பொய் சொல்லாதுண்ணே" என்றேன். என்ன வாய்க்கொழுப்பு எனக்கு! அவர் என்னையே பார்த்தார். பிறகு சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டார். இரண்டு வாரத்தில் விசா கேன்சலாகி ஊருக்குப் போய்விட்டார். நான் ஏர்போர்ட்டுக்குக்கூடப் போகவில்லை.

ஆறு மாதம் கழித்து வேறொரு வேலைக்காக அதே மாடலைத் திறந்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஓர் எண்ணைக் காட்டி, "சார், இது கடல்நீருக்கு ரொம்பக் கம்மியா இருக்கே?" என்று கேட்டாள். கடல்நீர் அமிலத்தை வழியிலேயே முறித்துவிடும். ஆற்றுநீருக்கு அந்தச் சக்தி குறைவு. எவ்வளவு முறிக்கும் என்பதற்கான எண் அது. வேலூரில் தோல் பதனிடும் ஷெட்டுகளிலிருந்து ஆற்றில் கலக்கும் கழிவுக்காக நான் போட்ட பழைய மாடலைத்தான் இங்கே நகலெடுத்து வைத்திருந்தேன். மற்றதையெல்லாம் மாற்றியவன், அந்த ஆற்று எண்ணை அப்படியே விட்டிருக்கிறேன். திருத்தி ஓட்டியதும் தூரத்து வடிகாலிலிருந்து கிளம்பிய அமிலம் பாதி வழியிலேயே தீர்ந்துபோனது. மீன்கள் செத்த இடத்துக்கு அது வந்துசேரவே முடியாது. வந்தது பேட்டரி யார்டு வடிகாலிலிருந்துதான்.

திருத்திய அறிக்கையை அனுப்பினோம். பட்டறையிலும் போய்ச் சொன்னேன். அண்ணனின் டேங்கரை அதற்குள் வேறொருவர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். கடல்நீர், ஆற்றுநீர், அந்த எண் என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். "நீங்க ஊத்தலண்ணே, இப்ப நிரூபணமாயிருச்சு" என்றேன், ஏதோ பரிசு கொண்டுவந்தவன் மாதிரி.

அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"நாலு வருசம் ஒரே ரூம்ல கெடந்தோமேப்பா" என்றார். "நான் ஊத்தலன்னு உனக்கு இப்பத்தான் தெரியுதா?"