ஒன் லைன் வகுப்பும் நாலாம் லயமும்

கணினிப் பாடம் எடுக்கும் இளம் ஆசிரியர்களுக்கு ஒரு புத்தி சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அறிவித்தல் எழுதினால், ஒட்டுவதற்கு முன் ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். நான் வாசித்துப் பார்க்கவில்லை. அதனால் ஒரு தோட்டமே திரண்டு என் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது.

1. பெட்டி வந்த நாள்

நான் ஹாலிஎலக்காரி. பதுளையில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்து, சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தேன். அந்த உறையைப் பார்த்து மயங்கித்தான் மலைமேல் இருந்த அந்தத் தோட்டப் பாடசாலைக்கு என்னைக் கணினி ஆசிரியையாகப் போட்டிருப்பார்கள். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்களே ஆகியிருந்த நேரம். நான் போனபோது அங்கே கணினி கிடையாது. ஏழு மாதம் கரும்பலகையில் மவுஸ் படம் போட்டுப் படிப்பித்தேன். பிள்ளைகளுக்கு மவுஸின் வால்தான் ரொம்பப் பிடித்திருந்தது.

ஒருநாள் லொறி வந்தது. கடைசி வளைவில் ஏற முடியாமல் நின்றுவிட்டது. அப்பாமார் நாலைந்து பேர் மூன்று பெட்டிகளையும் சாமி தூக்குவது போலத் தோளில் வைத்துத் தூக்கி வந்தார்கள். வாசலில் ஒருவர் கற்பூரம் கொளுத்திவிட்டார். "ஐயையோ, சூடு பட்டா பழுதாயிரும், அணைங்க, அணைங்க!" என்று நான் கத்திய கத்தலில் அவரும் பயந்து, கற்பூரமும் அணைந்தது.

கூட வந்த திட்ட அதிகாரி பேசினார். "இன்றோடு ஆசிரியர் பற்றாக்குறை என்ற பேச்சே இல்லை. கொழும்புப் பிள்ளைக்கு என்ன பாடமோ, இந்த மலைப் பிள்ளைக்கும் அதே பாடம், அதே நேரம். இனி ஆசிரியர் பஸ் ஏறி வரத் தேவையில்லை. பாடமே கம்பியில் வரும்!"

எனக்குப் புல்லரித்துவிட்டது. பஸ் ஏறி, ஒன்றரை மைல் நடந்து வருகிறவள் நான்தான் என்பது அந்தக் கணத்தில் ஞாபகம் வரவேயில்லை. எங்கள் பாடசாலை அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர், சிவபாதம் சேர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பாத்தியளோ பிள்ளை, இனி உந்த மலை எண்டு ஒண்டு இல்லை. கொழும்பு இனி எங்கட பக்கத்து அறை."

அன்றைக்கு நாங்கள் எல்லோரும் பைத்தியங்கள். ஆனால் சந்தோஷமான பைத்தியங்கள்.

சந்தோஷத்துக்குக் காரணம் இருந்தது. ஓ.எல். பரீட்சை எழுதும் வகுப்பில் பதினான்கு பிள்ளைகள். இரண்டு வருஷமாகக் கணித ஆசிரியர் இல்லை. கணிதத்தில் கோட்டை விட்டால் உயர்தரம் இல்லை, படிப்பு அத்தோடு சரி. அந்தப் பதினான்கு பேரில் செல்வராணி என்று ஒருத்தி. பழைய வினாத்தாள்களை எங்கெங்கோ வாங்கி, தனக்குத்தானே கணக்குப் போட்டுக்கொள்வாள். விடை சரியா என்று பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது. அவளுடைய அம்மா மாரியாயி கொழுந்து எடுப்பவர். அவர் என்னிடம் நேராகவே சொல்லிவிட்டார்.

"டீச்சரம்மா, கொழும்புல ஒரு வீட்ல வேலைக்குக் கேட்டிருக்காங்க. கணக்குல பாஸ் பண்ணுனா படிக்கட்டும். இல்லைன்னா நான் என்னா செய்றது, அனுப்பித்தான் ஆகணும்."

அதிகாரி போகும்போது ஒரு கொக்கி போட்டுவிட்டுப் போனார். அடுத்த திங்கள் பத்து மணிக்குப் பதுளை நிலையத்திலிருந்து பரீட்சார்த்தக் கணித வகுப்பு. பதினான்கு பேரும் இருக்க வேண்டும். தொடர்பு ஒரு மணித்தியாலம் அறாமல் நிற்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் பெட்டிகள் டவுன் பாடசாலைக்குப் போகும்.

2. பெரட்டில் வாசித்த துண்டு

நான் அழகாக ஒரு அறிவித்தல் எழுதினேன். "திங்கட்கிழமை ஒன்லைன் வகுப்பு ஆரம்பம். பெற்றோர் பிள்ளைகளைத் தவறாமல் அனுப்பவும்." தோட்டத்தில் எல்லோருக்கும் ஒரு செய்தி போய்ச் சேர வேண்டுமென்றால் பெரட்டுக்கு அனுப்ப வேண்டும். விடிந்ததும் தொழிலாளர்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் இடம் அது. சனிக்கிழமை பெரட்டில் கங்காணி என் துண்டுச் சீட்டை உரக்க வாசித்தாராம். எனக்கு ஒரே பெருமை.

திங்கள் காலை ஒன்பதரைக்கு வகுப்பில் நாலே நாலு பிள்ளைகள். செல்வராணியைக் காணோம்.

"மத்தவங்க எங்கடா?"

"அவங்களுக்கு இல்லையே டீச்சர். எங்களுக்கு மட்டுந்தானே?"

"யாரு சொன்னது?"

"நீங்கதான் டீச்சர். ஒன் லைன்னு."

நாலு பேரும் ஒன்றாம் லயத்துப் பிள்ளைகள். எனக்கு விளங்கி முடிவதற்குள் வெளியே சத்தம் கேட்டது.

3. லைனுக்கு மேலே

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் வீட்டு வரிசைக்கு லயம் என்று பெயர், லைன் என்றும் சொல்வார்கள். எங்கள் தோட்டத்தில் ஆறு லயங்கள். ஒன்றாம் லயம் ஆபீசுக்குப் பக்கத்தில், தலைமைக் கங்காணியின் சொந்தக்காரர்கள் இருக்கும் லயம். ஆகவே கங்காணி "ஒன் லைன் வகுப்பு" என்று வாசித்ததும் மற்ற ஐந்து லயங்களுக்கும் விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது.

வாசலில் நின்ற கூட்டத்துக்கு முன்னால் தோட்டத் தலைவர் முத்தையா. சங்கக் கூட்டங்களில் மைக் இல்லாமலே பேசிப் பழகிய தொண்டை.

"என்னா டீச்சர் இது? மொதல்ல தண்ணி ஒண்ணாம் லயத்துக்கு. மொதல்ல கூரைத் தகரம் ஒண்ணாம் லயத்துக்கு. இப்ப கம்ப்யூட்டரும் ஒண்ணாம் லயத்துக்கு மட்டுந்தானா? நாலாம் லயத்துல இருக்கிறதெல்லாம் மனுசப் புள்ளைக இல்லையா?"

அவருக்குப் பக்கத்தில் மாரியாயி. வேலைக்குப் போகாமல் கொழுந்துச் சாக்கோடு நின்றார். செல்வராணியைக் கையில் பிடித்திருந்தார். அந்தப் பிள்ளை அழுது முகம் வீங்கி இருந்தது.

"பெட்டியத் தூக்குனது எங்க வீட்டுக்காரரு. படிக்கிறது அவங்க புள்ளையா?" என்றார் மாரியாயி.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் குரல் கீச்சென்று போய்விடும். "ஐயோ, அது ஒன் இல்லைங்க, ஒன்! ஓ, என்! ஒன்னுன்னா... மேலன்னு அர்த்தம். லைனுக்கு மேல!"

கூட்டம் அண்ணாந்து பார்த்தது.

"லைனுக்கு மேலன்னா கூரையிலயா?" என்று கேட்டார் முத்தையா.

சிவபாதம் சேர் உதவிக்கு வந்தார். "அப்பிடி இல்லை, கேளுங்கோ. இது உலகளாவிய வலைப்பின்னல்..." வலை என்றதும் பின்வரிசையில் ஒருவர், "மலையில எங்க மீன் இருக்கு?" என்றார். சேர் மெதுவாகப் பின்வாங்கிவிட்டார்.

பத்தாக இருபது நிமிஷம். கீழே வளைவில் அதிகாரியின் ஜீப் ஏறும் சத்தம். சரிதான், வாயால் சொல்லி முடியாது என்று எல்லோரையும் உள்ளே கூப்பிட்டேன். மொடெமை அழுத்தினேன். கழுத்தைப் பிடித்த கோழி போல அது கத்தியதும் முன்வரிசை பின்வரிசை மேல் சாய்ந்தது. "இதுதாங்க லைன். டெலிபோன் லைன். இதுக்குள்ள பதுளை வாத்தியார் வர்றாரு."

"டெலிபோன் லைனா? அது எல்லாருக்கும் பொதுதானே?"

"பொதுதான் தலைவரே!"

"அப்ப எல்லா லைனுக்கும் வகுப்பு?"

"எல்லா லைனுக்கும்!"

முத்தையா திரும்பி, கூட்டத்துக்கு அதை ஒரு வெற்றிச் செய்தியாக அறிவித்தார். அவர் போராடி வாங்கித் தந்ததாகவே இன்றைக்கும் பலர் நம்புகிறார்கள், நானும் மறுப்பதில்லை. செல்வராணி கையை உதறிக்கொண்டு ஓடிப்போய் முதல் கதிரையில் உட்கார்ந்தாள். கூட்டத்தோடு வந்த மற்றப் பிள்ளைகளும் பின்னாலேயே ஓடினார்கள்.

4. போனுக்குக் காவல்

அதிகாரி வந்தபோது பதினான்கு பிள்ளைகளும் இருந்தார்கள். கூடவே அறுபது பெற்றோரும். அவர் மலைத்துப்போனார். "சமூகப் பங்களிப்பு பிரமாதம்" என்று குறித்துக்கொண்டார். நானும் தலையாட்டி வைத்தேன்.

பத்து மணிக்குத் திரையில் பதுளை வாத்தியார் எழுத்தாக வந்தார். இருபடிச் சமன்பாடு. அவர் அங்கே தட்ட, இங்கே ஒவ்வொரு வரியாக விழுந்தது. செல்வராணி இரண்டு விரலால் பதில் தட்டினாள். அரை நிமிஷம் கழித்து "மிகச் சரி. பெயர் என்ன?" என்று வந்தது. தன் விடை சரி என்று அவளுக்கு ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் சத்தியமாக அழுதுவிட்டேன்.

அவள் பெயரில் பாதி தட்டியபோது திரை உறைந்தது. தொடர்பு அறுந்துவிட்டது.

எனக்குக் காரணம் தெரியும். தோட்டத்துக்கே ஒரு டெலிபோன் லைன். ஆபீசிலிருந்து கம்பி இழுத்து எங்களுக்கும் கொடுத்திருந்தார்கள். அங்கே ஒருவர் ரிசீவரைத் தூக்கினால் இங்கே எல்லாம் போச்சு. ஒரு மணித்தியாலம் தொட மாட்டேன் என்று பெரிய கிளாக்கர் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மறந்துவிட்டார். மறுபடி இணைத்தேன். ஆறாவது நிமிஷம் மறுபடி அறுந்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ஒரு தடவைதான். இணைந்ததிலிருந்து ஒரு மணித்தியாலம்."

மாரியாயி எனக்கருகில் வந்தார். "என்னா ஆச்சு டீச்சரம்மா?"

"ஆபீஸ்ல போன எடுக்கிறாங்க. எடுத்தா இங்க அறுந்துரும்."

"ஏன், லைன் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

"அதைத்தானே காலையிலயிருந்து நாங்க சொல்றோம், ஒன் லைன்னு!"

சொல்லிவிட்டுச் சாக்கைத் தோளில் போட்டார். இன்னும் நாலு பெண்களைக் கண்ணால் கூப்பிட்டார். ஐந்து பேரும் தேயிலைக்குள்ளே குறுக்கு வழியில் இறங்கிப் போனார்கள். நான் மூன்றாவது தடவை மொடெமை அழுத்தினேன்.

அந்த ஒரு மணித்தியாலமும் நான் திரையைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்தேன். லைன் அசையவில்லை. பிள்ளைகள் ஏழு கணக்குப் போட்டு முடித்தார்கள். அதிகாரி சிவபாதம் சேரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நான் ஆபீசுக்கு ஓடினேன். பெரிய கிளாக்கர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே நாலு பெண்கள் மேசையைச் சுற்றித் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மாரியாயி மட்டும் நின்றபடி, ரிசீவர் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். கொழுந்துச் சாயம் ஏறிய கை.

"பாருங்க டீச்சர், ஒரு அவசர கோல் எடுக்க விட மாட்டேங்குது இந்தம்மா" என்றார் கிளாக்கர்.

"எம்புள்ள லைன்ல இருக்கா அய்யா" என்றார் மாரியாயி. "அவ எறங்கட்டும். பெறகு நீங்க ஏறுங்க."

"முடிஞ்சிருச்சு, கைய எடுங்க" என்று நான் சொன்ன பிறகுதான் எடுத்தார். அன்றைக்கு அந்த ஐந்து பேருக்கும் அரைப்பேர்தான் விழுந்தது. அரைநாள் வேலை போச்சு என்று ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை.

5. ஆறு திங்களுக்கு ஒரு சுற்று

பெட்டிகள் தங்கின. வாரா வாரம் திங்கட்கிழமை கணிதம். முத்தையா லயம் வாரியாக முறை போட்டுக் கொடுத்தார், இந்த வாரம் மூன்றாம் லயம், அடுத்த வாரம் நாலாம் லயம் என்று. என் கணினி அறைச் சுவரில் நேர அட்டவணைக்குப் பக்கத்தில் 'போன் காவல்' என்று இன்னொரு அட்டவணை தொங்கியது. உலகத்தில் வேறெந்தக் கணினி அறையிலும் அப்படி ஒன்று இருந்திருக்காது. கிளாக்கரும் பழகிவிட்டார். திங்கட்கிழமை வருகிற பெண்களுக்குப் பிளேன்டீ கொடுக்கச் சொல்லியிருந்தார்.

பதினான்கு பேரில் ஒன்பது பேர் கணிதத்தில் தேறினார்கள். தேறாத ஐந்து பேரின் முகமும் எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. செல்வராணிக்கு வெறும் பாஸ் அல்ல, திறமைச் சித்தி. கொழும்பு வீட்டுக்காரர்கள் வேறு ஆள் தேடிக்கொண்டார்கள். திட்டம் அடுத்த வருஷம் முடிந்தது. பெட்டிகளில் ஈரம் இறங்கி, ஒன்றில் கரப்பான் குடும்பம் நடத்தியது. சிவபாதம் சேர் ஓய்வு பெற்றுப் போகும்வரை தினமும் அவற்றைத் துடைப்பார்.

நான் கற்ற பாடத்தைச் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு பெரிய சொர்க்கம் கம்பியில் வந்தாலும், அந்தப் பக்கம் ரிசீவர் மேல் ஒரு கை இருக்க வேண்டும். அந்தக் கைக்குரியவருக்கு விளங்குகிற வார்த்தையில் அறிவித்தல் எழுதத் தெரிய வேண்டும்.

சில வருஷங்கள் கழித்து எங்கள் பாடசாலைக்குக் கணிதத்துக்கு ஆசிரிய உதவியாளர் நியமனம் வந்தது. வந்தவள் செல்வராணி. பஸ் இல்லை, கம்பி இல்லை. நாலாம் லயத்திலிருந்து நடந்தே வந்தாள். முதல் பாடம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வகுப்பு வாசலில் மாரியாயி.

"டீச்சரம்மா, எம்புள்ள இப்ப என்னா லைன்?"

"இப்ப லைனே இல்ல மாரியாயி. ஒஃப்லைன்."

"அப்படின்னா?"

"போனுக்குக் காவல் வேணாம்னு அர்த்தம்."

மாரியாயி உள்ளே எட்டிப் பார்த்தார். கரும்பலகையில் இருபடிச் சமன்பாடு. சாக்கை மடித்துப் படியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார்.

"இருக்கட்டும் டீச்சரம்மா. எதுக்கும் ஒரு மணித்தியாலம் இருந்துட்டுப் போறேன்."